நான்காவது கம்பியில் ஒரு கட்டைவிரல்

பிப்ரவரி 4

அண்ணா,

உன் கட்டைவிரல் எங்கள் மூலக்கூறைக் கொன்றுவிட்டது.

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் இதைப் படி. போன ஜூலையில் நீ கடைந்து அனுப்பிய கம்பிகள் ஞாபகம் இருக்கிறதா? சுண்டுவிரல் நீளம், பென்சிலில் பாதிப் பருமன். அவற்றில் நான்கைச் சதுரத்தின் மூலைகள் போல நிறுத்தி, நடுவில் மின்சாரத்தால் ஒரு தொட்டில் கட்டியிருக்கிறோம். துணி இல்லை, கயிறு இல்லை. காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்த எஃகு அறைக்குள், வெறும் இடத்தில், மின்சாரம் மட்டுமே தாங்கிப் பிடிக்கும் தொட்டில். ஜனவரியில் முதல் முறையாக அதில் ஒரு ரேடிய மூலக்கூறு வந்து உட்கார்ந்தது. கோடி இல்லை, நூறு இல்லை, ஒன்றே ஒன்று. பதினோரு நிமிஷம் இருந்தது. போய்விட்டது.

மறு வாரம் இன்னொன்று. ஒன்பது நிமிஷம். அடுத்தது பன்னிரண்டு. நாள் கணக்கில் நிற்க வேண்டியவை நிமிஷக் கணக்கில் போயின. உள்ளே ஏதோ கசிகிறது என்று தெரிந்தது. அறையைத் திறந்து, நான்காவது கம்பியை ஊதா விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தேன். பழுப்பு நிறத்தில், சுழி சுழியாக, ஒரு கட்டைவிரல் ரேகை, சாய்வைப் பார்த்தால் வலது கை. அறையை மூடியதும் ஒரு வாரம் இருநூறு டிகிரியில் வேக வைப்போம். அந்தச் சூட்டில் வெந்து பதிந்திருக்கிறது.

உனக்கு அது ஒரு விரல் அழுக்கு. எங்கள் அறைக்கு அது ஓர் எண்ணெய்க் கிணறு. அதிலிருந்து கிளம்பும் ஒரு துகள் முட்டினால் போதும், உள்ளே இருப்பவன் காலி.

கையுறை இல்லாமல் தொடாதே என்று மூன்று முறை எழுதினேன். நீ பட்டறையிலேயே கழுவி, அலுமினியத் தாளில் சுற்றி, ஒட்டி அனுப்பினாய். இங்கே பிரித்து மாட்டியது நான். நான் இரட்டைக் கையுறை போடுகிறவள். மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான். எங்கள் ஆய்வுக்கூட இயக்குநர் அறிக்கையில் 'பட்டறையின் கவனக்குறைவு' என்று எழுதப் போகிறார். எழுதிவிட்டால் உங்கள் பட்டறைக்கு எங்கள் வேலை இனிமேல் கிடையாது. இருபதாம் தேதிக்குள் உன் பதில் வேண்டும். இல்லை என்றால் இல்லை என்று சொல். ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல்.

உன் காது எப்படி இருக்கிறது? பட்டறைச் சத்தத்தில் அது மந்தமானதிலிருந்து நமக்குக் கடிதம்தான் கதி. போனில் நான் கத்துவதும் நீ "என்ன, என்ன" என்பதும் இல்லாமல் நிம்மதி. ஆனால் உன் கையெழுத்து ஒரு வருஷமாகக் கோழி கிளறியது போல இருக்கிறது. கொஞ்சம் நிதானமாக எழுது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

சில்வண்டு


பிப்ரவரி 13

சில்வண்டுக்கு,

இங்கே எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நன்றாகத்தான் இருக்கிறோம். உன் கோபமும் சௌக்கியமாக இருப்பது முதல் வரியிலேயே தெரிந்தது.

என் கைதான். அப்படியே எழுதிக்கொள்ளச் சொல். அன்றைக்குக் கையுறை கிழிந்திருந்தது. அவசரத்தில் தொட்டிருப்பேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒன்று வந்தது, உட்கார்ந்தது, போனது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? என் முதலாளியும் வராத ஆளுக்கு வருகை போடுவார். ஆனால் அவருக்கு அதில் ஒரு காரணம் இருக்கும். உங்களுக்கு என்ன காரணம்?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகக் கேட்கிறேன். ஒரு விரல் பட்டதற்கே தாங்காத அளவுக்குச் சுத்தமான இடம் என்று எழுதியிருக்கிறாய். நான் கடைந்த இரும்பு இதுவரை பம்புக்குள் போயிருக்கிறது, சாக்கடைக் குழாய்க்குள் போயிருக்கிறது, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் போயிருக்கிறது. அப்படி ஓர் இடத்துக்குள் போனதில்லை. அந்த இடம் எப்படி இருக்கும் என்று எழுது.

கையெழுத்துக்குப் பேனாதான் காரணம். மாற்றுகிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 27

அண்ணா,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. சின்ன வயசில் கண்ணாடி டம்ளர் உடைந்தால்கூட மூன்று நாள் சாதிப்பாயே! அறிக்கை போய்விட்டது. உங்கள் பட்டறை பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. இனிக் கம்பி பெரிய கம்பெனியிலிருந்து வரும். கணினியே கடைந்து தருமாம்.

நீ கேட்டதற்குப் பதில்.

வராத ஆளுக்கு நாங்கள் வருகை போடுவதில்லை. ஒரு வரிசை நிற்கிறது என்று வைத்துக்கொள். ஸ்ட்ரான்சியம் என்று ஒரு தனிமம். அதன் அயனிகள் ஆறேழைத் தொட்டிலில் விட்டு லேசர் ஒளி பாய்ச்சினால் அவை குளிர்ந்து, அடங்கி, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றும் நீலமாக மின்னும். அண்ணா, அவை தனித்தனி அணுக்கள். உலகத்தில் யாரும் பார்க்க முடியாது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களே, அதே அணு. திரையில் ஏழு நீலப் பொட்டு. முதல் நாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் லேசர் அக்கா நின்றாள் (லேசர்களைச் சரிப்படுத்துவது அவள்தான்). "என்னடி, மூச்சு விடுறியா இல்லியா?" என்று முதுகில் தட்டினாள்.

ரேடிய மூலக்கூறு மின்னாது. அதற்கு ஒளி கிடையாது. அது வந்து நின்றால் வரிசையில் ஒரு பொட்டு அளவுக்கு இருட்டு விழும். மூன்று நீலம், ஓர் இருட்டு, மூன்று நீலம். பக்கத்தில் நிற்பவை அதற்கு இடம் விட்டு விலகி நிற்கும். பிறகு வரிசையை மெதுவாக ஆட்டுவோம். பக்கத்து அயனிகள் ஆடுகிற ஆட்டத்தை வைத்து நடுவில் நிற்பவன் எடை எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

எதற்கு இவ்வளவும் என்று கேட்பாய். உலகம் உண்டானபோது பொருளும் அதற்கு நேர் எதிர்ப்பொருளும் சரிபாதியாக உண்டாயின என்று கணக்குச் சொல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்திருக்க வேண்டும். நட்சத்திரம், கல், நீ, நான் எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது. நம்மைப் போன்றவர்கள் இருக்கவே கூடாது என்று சொன்ன மனிதர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இயற்பியலும் அதையே சொல்லிக் கேட்பது இதுதான் முதல் முறை. ஆனால் இருக்கிறோமே! எங்கோ ஒரு கோணல் நம் பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தக் கோணலை எங்கே தேடுவது? இந்த ரேடியத்தின் உட்கரு உருண்டையாக இல்லாமல் பேரிக்காய் மாதிரி இருக்கிறது. கோணல் ஒரு துளி இருந்தாலும் அதற்குள் பெரிதாகத் தெரியும். ஆனால் மனுஷன் கைக்கு இந்த ரேடியம் கிடைப்பதே துளித்துளி. பதினைந்து நாளில் பாதி அழிந்துவிடும். அதனால்தான் ஒன்று கிடைத்தாலும் விடக் கூடாது.

அப்படிப்பட்ட ஒன்றை உன் விரல் பதினோரு நிமிஷத்தில் அனுப்பிவிட்டது. எனக்குக் கோபம் போகவில்லை. போகும் என்று எதிர்பார்க்காதே.

அண்ணிக்கு முட்டிவலி தேவலையா?

சில்வண்டு


மார்ச் 30

அண்ணா,

ஒரு மாதமாகிவிட்டது, பதில் இல்லை. நான் திட்டியதால் என்றால், திட்டுவது நமக்குப் புதுசா? உடம்பு சரியில்லை என்றால் அண்ணியையாவது ஒரு வரி எழுதச் சொல்.

கம்பெனிக் கம்பி வந்து மாட்டினோம். பளபளவென்று இருந்தது. அயனிகள் வரிசையில் நிற்கவே இல்லை. சூடான கல்லில் தெளித்த தண்ணீர் போலத் துள்ளின. லேசர் அக்கா ஒரு கம்பியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். மேலே முழுக்க உழுத வயல். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். அதில் மின்சாரம் தேங்கி அயனிகளைத் தொந்தரவு செய்கிறது. பிறகு உன் பழைய கம்பி ஒன்றை வைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது காத்தில்லாத நாள்ல குளத்துத் தண்ணி மாதிரி இருக்குடி. யாருடி கடைஞ்சது?" என்றாள். என் அண்ணன் என்று சொன்னேன். "அந்த விரல் அண்ணனா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். நீ ஆறு கம்பி அனுப்பினாய். நான்கை மாட்டினோம். மீதி இரண்டு அப்படியே இருந்தன. ஒரே நாளில் கழுவி, ஒரே மாதிரித் தனித்தனித் தாளில் சுற்றியவை. ஒன்றைச் சுத்தப் பெட்டிக்குள் பிரித்து ஊதா விளக்கில் பார்த்தேன். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. இயக்குநரிடம் சொன்னேன். அவருக்கு எங்களுக்குள் பெயர் 'கோட்டு'. படம் எடுக்கும் நாளில் மட்டும் வெள்ளைக் கோட்டு போடுவார். "ஆறுல ஒண்ணு அழுக்கா இருக்கக் கூடாதாம்மா? அதான் ஒப்புக்கிட்டாரே, விடும்மா" என்றார்.

விட முடியவில்லை. நீ எப்படிக் கடைந்தாய் என்று ஒன்று விடாமல் எழுது. எந்தக் கையால் பிடித்தாய், எந்த விரலால் பிடித்தாய், எல்லாம்.

சில்வண்டு


ஏப்ரல் 14

சில்வண்டுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை. வேலை இடம் மாறியதில் கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். நீ ஒழுங்காகச் சாப்பிடு.

குளத்துத் தண்ணி என்றாளா? அந்த வரியை இரண்டு தரம் படித்தேன்.

எப்படிக் கடைந்தேன் என்று கேட்டாய். இவ்வளவு மெல்லிய கம்பியை லேத்தில் மாட்டி உளியை அழுத்தினால் வில்லாக வளையும். அழுத்தக் கூடாது. மறுமுனைக்கு முட்டுக் கொடுத்து, தலைமுடியில் பத்தில் ஒரு பங்காகச் சுரண்ட வேண்டும். சுரண்டியவுடன் அளக்கவும் கூடாது. சூட்டில் கம்பி பெருத்திருக்கும், அளவு பொய் சொல்லும். ஆறும்வரை சும்மா நிற்க வேண்டும். முதலாளிக்கு ஆள் சும்மா நிற்பதைப் பார்த்தால் வயிறு எரியும். "என்னப்பா, கம்பி ஆறுதா, நீ ஆறுறியா?" என்பார். ஆறு கம்பிக்குப் பதினெட்டு நாள். கடைசியில் வைரப் பசை தடவிய துணியால் மெருகு. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடையாளத்துக்கு முனையில் புள்ளி குத்தினேன். நான்காவது கம்பிக்கு நான்கு புள்ளி. லேத்திலிருந்து எடுத்தது, கழுவியது, சுற்றியது எல்லாம் துணி சுற்றிய இடுக்கியால்தான். விரல் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று இரண்டு இடுக்கி செய்து வைத்துக்கொண்டேன்.

மூன்று நீலம், ஓர் இருட்டு, மூன்று நீலம் என்று எழுதியதைப் பட்டறையில் படித்துக் காட்டினேன். வெல்டர் கேட்டான், "ஏன்ணே, உள்ள தனியா இருக்கே, அதுக்குப் பயமா இருக்காதா?"  எனக்கு ஒன்று தோன்றியது. அந்த இருட்டைச் சுற்றி நான்கு பக்கமும் நிற்பது என் கம்பிதானே. அது நிற்கட்டும். வேறு என்ன வேண்டும்?

கையைப் பற்றிக் கேட்காதே. கம்பியைப் பற்றிக் கேள்.

அண்ணன்


ஏப்ரல் 22

அண்ணா,

நலம். மற்றதெல்லாம் பிறகு.

இடுக்கியால்தான் எடுத்தேன், விரலே படவில்லை என்று ஏப்ரலில் எழுதுகிறாய். கையுறை கிழிந்திருந்தது, அவசரத்தில் தொட்டேன் என்று பிப்ரவரியில் எழுதினாய். பதினெட்டு நாள் ஆறப் போட்டுக் கடைந்தவனுக்கு அவசரம் எங்கிருந்து வந்தது? இதில் எது பொய்? வேலை இடம் ஏன் மாறியது? கையைப் பற்றி ஏன் கேட்கக் கூடாது?

சில்வண்டு


மே 8

நாத்தனாருக்கு அண்ணி எழுதுறது.

உன் அண்ணன் குளிக்கப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள முடிக்கணும். பேசுற மாதிரிதான் எழுதுவேன், அழகு பார்க்காதே. என் முட்டி அப்படியேதான் இருக்கு. உன் வாய் இருக்கிற மாதிரி.

உன் அண்ணனுக்கு வலது கட்டைவிரல் கிடையாது. போன வருஷம் மார்ச்சுல போச்சு. பதினாலு மாசம் ஆகுது. பிரஸ் மெஷின்ல மூடியைக் கழட்டிட்டு வேலை பார்த்தா சீக்கிரம் முடியும்னு முதலாளி கழட்ட வெச்சாரு. சீக்கிரம்தான் முடிஞ்சுது. அப்புறம் மூடியைத் திருப்பி மாட்டிட்டு, "கவனக்குறைவு"ன்னு எழுதிட்டாங்க. உங்க அறிக்கையிலயும் அதே வார்த்தைதான் இருக்குன்னு சொன்னாரு. உங்க ஆளுங்களும் எங்க ஆளுங்களும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சாங்களா?

உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. "அவ அங்க யாருமில்லாம நிக்கிறா, இது வேறயா"ன்னாரு. இடது கையால எழுதப் பழகினாரு. நீ கோழி கிளறினதுன்னு எழுதினப்போ சிரிச்சாரு. நான் சிரிக்கல. உங்க கம்பி ஆறையும் கடைஞ்சது விரல் போனதுக்கு அப்புறம். கட்டைவிரல் இல்லாம அளவுக் கருவியைத் திருக முடியாது. இடது கையால திருகி, பல்லைக் கடிச்சுக்கிட்டு அளந்தாரு.

இல்லாத விரல் எப்படித் தடம் பதிக்கும்னு நீ கேட்பே. அவருக்கு உன் முதல் கடிதம் வந்த அன்னிக்கே தெரியும். போன ஆகஸ்ட்ல நீ ஒரு படம் அனுப்பினியே, 'நம்ம கம்பி பேப்பர்ல வந்திருக்கு'ன்னு? அதைச் சட்டம் போட்டு லேத்துக்கு மேல மாட்டி வெச்சிருந்தாரு. உன் கடிதத்தைப் படிச்சதும் எந்திரிச்சுப் போய் லென்ஸை வெச்சுப் பார்த்தாரு. அந்தப் படத்தை இதோட வெச்சிருக்கேன். நீயே பாரு. முனையில புள்ளி எத்தனைன்னு எண்ணு. பக்கத்துல யாரோட கட்டைவிரல்னு பாரு.

"சொல்லிட வேண்டியதுதானே"ன்னு சண்டை போட்டேன். சொன்னாரு: "பெரிய மனுஷன் விரல்னு சொன்னா இவ வேலை போயிடும். என் விரல்னு சொன்னா என்ன போகப் போகுது? அதான் ஏற்கெனவே போயிடுச்சே."

ஆனா போச்சு. பட்டியல்லேர்ந்து பேரை எடுத்ததும் முதலாளி இவரை லேத்துலேர்ந்து எறக்கிட்டாரு. இப்போ பேக்கிங்ல அட்டைப்பெட்டி ஒட்டுறாரு. சாயந்தரம் வந்து கையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்காரு.

குழாயை மூடுற சத்தம் கேக்குது. வெக்கிறேன்.

அண்ணி


மே 17

அண்ணா,

அண்ணியைத் திட்டாதே. திட்டினால் வந்து உன்னை உதைப்பேன்.

மன்னிப்பு என்ற வார்த்தையை நான்கு முறை எழுதி நான்கு முறையும் அடித்தேன். வெட்டியாக இருக்கிறது. அது இல்லாமலே எழுதுகிறேன்.

அந்தப் படம் எங்கள் கட்டட வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் உள்ளே போகிறேன். வெள்ளைக் கோட்டு, பல் தெரிகிற சிரிப்பு, நான் மாட்டி முடித்த தொட்டில் அவர் கையில். கீழே கொட்டை எழுத்தில் 'பிரபஞ்சத்தின் ரகசியம் நம் கையில்'. வெறும் கை, அண்ணா. கையுறை இல்லை. வலது கட்டைவிரல் நான்கு புள்ளிக்கு அரை அங்குலம் தள்ளி, கம்பியின் மேல். ரேகை இருந்த அதே இடம். நேற்று அளவுகோல் வைத்துப் பார்த்தேன். காவலாளி, "என்னம்மா, படத்தைக் கழட்டப் போறியா?" என்றார்.

படம் எடுக்கப் பத்திரிகைக்காரர்கள் வந்த அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை என்று என்னை மாடிக்கு அனுப்பினார்கள். ஒன்பது நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தேன். வந்தபோது தொட்டில் மேஜையில் இருந்தது. யார் தொட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தப்பு நடந்தது என்றதும் என் மூளை முதலில் போன இடம் பட்டறை. கோட்டுப் பக்கம் போகவில்லை. என்னைப் போல ஒருத்தியே அப்படி யோசித்தால், இவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?

கம்பெனிக் கம்பிகளைக் கழற்றியாகிவிட்டது. உன் பழைய மூன்றையும், நான்காவதுக்குப் பதிலாக நான் சோதித்த உன் ஐந்தாவதையும் மாட்டினோம். லேசர் அக்காவும் நானும் கையெழுத்துப் போட்டு, வேலைக் குறிப்பேட்டில் காரணத்தோடு எழுதிவைத்தோம். ரேகை இருக்கும் கம்பியைத் தாளில் சுற்றி, தேதி போட்டு, பூட்டி வைத்திருக்கிறேன். இப்போது அறை வெந்துகொண்டிருக்கிறது. மாதக் கடைசியில் ரேடியம் வரும்.

உன் கை இப்போது வலிக்கிறதா? உண்மையைச் சொல்.

சில்வண்டு


ஜூன் 6

அண்ணா,

நின்றது.

திங்கள் காலை ஒன்பது இருபதுக்கு வரிசையில் இருட்டு விழுந்தது. மூன்று நீலம், ஓர் இருட்டு, மூன்று நீலம். ஆட்டிப் பார்த்தோம். எடை சரி. ஆள் அவன்தான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்பது நிமிஷம் ஆனது. பதினோரு நிமிஷம் ஆனது. யாரும் உட்காரவில்லை. பன்னிரண்டு. பதிமூன்று. லேசர் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலித்தது, விடச் சொல்லவில்லை. இருபது நிமிஷம். ஒரு மணி நேரம். சாப்பாட்டு நேரம் வந்து போனது. மாலை வந்தது. இருட்டு அப்படியே இருந்தது.

நான்கு நாள், அண்ணா. நான்கு நாளும் அந்த ஒன்று உன் நான்கு கம்பிக்கு நடுவில் நின்றது. கட்டடத்தில் லாரி வந்து போனது, மின்தூக்கி ஏறி இறங்கியது, மழை கொட்டியது, யாரோ யாரையோ பார்த்துக் கத்தினார்கள், ஒரு மந்திரி வந்து கைதட்டிவிட்டுப் போனார். எதுவும் அதைத் தொடவில்லை. இந்த உலகத்தில் அவ்வளவு அமைதியான இடம் ஒன்று இருக்கிறது. அதன் நான்கு மூலையும் நீ கடைந்தது. பெருக்க வரும் அம்மாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். "எதைப் பாக்கணும்?" என்றார். அந்த இருட்டை என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சத்தம் வராமல் நடந்து போனார். நாங்கள் யாரும் அவரிடம் மெதுவாக நடக்கச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அது போனது. காற்று முட்டவில்லை. கம்பி விடவில்லை. உள்ளே இருந்த ரேடியம் தன் காலம் முடிந்து தானே உடைந்தது. உடைந்த துண்டின் அடையாளம்கூடக் கிடைத்தது. பக்கத்து நீலங்கள் ஒரு தரம் பதறி, மறுபடி வரிசையாக நின்றன. நடுவில் இருந்த இடைவெளியை மெல்ல மூடிக்கொண்டன. நான் அழவில்லை. லேசர் அக்கா அழுதாள். அவள் சொல்ல மாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

வெல்டரிடம் சொல், அது பயந்த மாதிரி தெரியவில்லை.

கோணலைக் கண்டுபிடிக்க இன்னும் வருஷக்கணக்காகும். இப்படி ஆயிரம் முறை பிடிக்க வேண்டும். ஆனால் பிடிக்கலாம் என்பது இப்போது தெரியும். கோட்டு பத்திரிகைக்காரர்களிடம், "மேம்படுத்தப்பட்ட புதிய கம்பிகள்" என்றார். நீ சுற்றி அனுப்பிய தாளிலிருந்து எடுத்த அதே பழைய கம்பி!

அவருக்கு எழுதப் போகிறேன்.

சில்வண்டு


ஜூன் 15

சில்வண்டுக்கு,

வலி இல்லை. குளிர்காலத்தில் மட்டும் இல்லாத விரல் அரிக்கும். எங்கே சொறிவது என்றுதான் தெரியாது.

உன் கடிதத்தைப் பட்டறையில் இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை லேத்தை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டுப் படித்தேன். முதலாளி, "என்ன இங்க பிரசங்கமா?" என்று வந்தார். வெல்டர், "நாலு நாள் நின்னுச்சாம், நீங்க நாலு நிமிஷம் நில்லுங்க" என்றான். அவரும் நின்றார் என்றால் நம்புவாயா?

நான் ஐம்பது வயசுக்குள் லட்சம் துண்டு கடைந்திருப்பேன். எது எங்கே போனது என்று தெரியாது. இது ஒன்று தெரியும். எனக்கு அது போதும். ஆகவே எழுதாதே. உன் ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அவர் கையெழுத்தில்தான் ஓடுகிறது. நீ அங்கே இருந்தால்தான் அடுத்த இருட்டு விழுவதை எனக்கு எழுத முடியும்.

பேக்கிங் மேஜைக்குப் பக்கத்தில் ஜன்னல் இருக்கிறது. நல்ல காற்று.

அண்ணன்


ஜூலை 25

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் தங்கள் மேஜையில் வைக்கப்பட்டதாகத் தங்கள் செயலர் சொன்னார். என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது என்று என் செயலர் சொன்னார். எனக்குச் செயலர் கிடையாது. வாசல் காவலாளிதான் சொன்னார். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

நான்காவது கம்பியில் இருக்கும் ரேகை பட்டறைக்காரருடையது அல்ல. அது வலது கட்டைவிரலின் ரேகை; அவருக்கு அந்த விரல் இல்லை. அவர் மனைவி அனுப்பிய மருத்துவச் சான்றை முதல் கடிதத்தோடு இணைத்தேன். அதே நாளில் சுற்றிய ஐந்தாவது கம்பி சுத்தமாக இருந்தது. அதை மாட்டிய பிறகுதான் மூலக்கூறு நான்கு நாள் நின்றது. தாங்கள் வெறும் கையால் நான்காவது கம்பியைப் பிடித்திருக்கும் படம் நம் வாசலிலேயே இருக்கிறது.

தவறு பெரிதல்ல ஐயா. யாருக்கும் விரல் இருக்கும், விரலில் எண்ணெய் இருக்கும். அவ்வளவு அழகான ஒன்றைக் கண்டால் தொடத்தான் தோன்றும். நானும் தொட ஆசைப்பட்டிருக்கிறேன், கையுறையைக் கழற்றாமல். அந்த ஓர் ஆசைக்காக, கட்டைவிரல் இல்லாமல் அந்தத் தொட்டிலைச் செய்த ஒரு மனிதர் இன்று அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒளியே இல்லாத ஒன்றை, பக்கத்தில் இருப்பவை விலகி நிற்பதை வைத்தே யாரென்று கண்டுபிடிக்க நீங்கள்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். ஒரு விரலைக் கண்டுபிடிப்பது அதைவிடச் சுலபம்.

அறிக்கையைத் திருத்துங்கள். பட்டறையின் பெயரைப் பட்டியலில் திரும்பச் சேருங்கள். இல்லை, ரேகை உங்களுடையது அல்ல என்றால், முதல் இரண்டு கடிதங்களிலும் போட்டது போலவே கீழே ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். மைப்பெட்டியும் இணைத்திருக்கிறேன். கம்பியின் பெரிதாக்கிய படம் என்னிடம் தயாராக இருக்கிறது. உங்கள் வலது கட்டைவிரலை இந்தக் கட்டத்துக்குள் பதித்து அனுப்புங்கள்.